சின்னம்மா போட்ட தாழ்ப்பாள்

என் எழுதுமேசையில் கடதாசிகள் பறக்காமல் இருப்பதற்கு ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை வைத்திருக்கிறேன். ஒரு சாண் நீளம் இருக்கும். ஆணி அறைந்த துளைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒரு துளையில் பச்சைப் பெயின்ற் காய்ந்து ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்து, சும்மா இழுத்துப் பார்த்துவிட்டு, பழைய சாமானோ என்று கேட்பார்கள். ஓம், பழைய சாமான்தான் என்பேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் இருந்த வீட்டின் நடு அறைக் கதவில் இருந்தது அது. அந்த வீட்டை இடித்து மாடிவீடுகள் கட்ட வந்தவர்கள் கதவுகளையெல்லாம் கழற்றி முற்றத்தில் அடுக்கியபோது, தச்சுவேலை பாஸிடம் இதை மட்டும் கேட்டு வாங்கினேன். நல்ல தேக்கு, கதவையே கொண்டுபோங்கோ என்றார் அவர். கதவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்தக் கதவை ஒருநாள் மத்தியானத்திலிருந்து பொழுதுபடும்வரை சின்னம்மா பூட்டிவைத்திருந்தார். பூட்டிய துண்டுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. தம்பி தவழத் தொடங்கிய காலத்தில் அம்மா நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டார். ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு பெரியவர்கள் கூடிக் கதைத்து, பிள்ளைகளை அந்நியக் கையில் விடக்கூடாது என்று சின்னம்மாவை அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழமைதான். சின்னம்மாவின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் இருபது வயதுப் பெண் என்ன சொல்லியிருப்பாள்? மேளம் இல்லை, பந்தல் இல்லை. ஒரு றங்குப் பெட்டியும் ஊறுகாய்ச் சாடியுமாக யாழ்ப்பாண மெயிலில் வந்து கோட்டை ஸ்டேசனில் இறங்கினார். அக்கா இருந்தபோது அப்பாவை 'அத்தான்' என்று கூப்பிட்டவர், பிறகும் அப்படியே கூப்பிட்டார். நாங்களும் முன்பு போலவே 'சின்னம்மா' என்றோம். வெளியே பார்க்க ஒன்றும் மாறவில்லை. அவருடைய தூக்கம் மட்டும் போய்விட்டது. எங்களில் ஒருவர் இருமினால் எழும்பி உட்கார்ந்துவிடுவார்.

அவரைச் சுற்றியிருந்த கண்களைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே, "தமக்கையின்ரை பிள்ளையள் எப்பிடி?" என்பார்கள். பதிலுக்குக் காத்திராமல் தம்பியின் சட்டையைத் தூக்கி விலா எலும்பைப் பார்ப்பார்கள். கோயிலில் கண்டாலும் அதே கேள்வி. அவர் வைத்த குழம்பைப் பற்றியோ உடுத்திருந்த சேலையைப் பற்றியோ ஒருவரும் கதைத்ததில்லை. நாங்கள் கொழுத்தால் அது செத்துப்போன அம்மாவின் ஆசீர்வாதம். மெலிந்தால் சின்னம்மாவின் குறை. எங்களுக்கு வந்த ஒவ்வொரு காய்ச்சலும் அவருக்கு ஒரு வழக்கு விசாரணை. தம்பி பின்னாளில் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் அப்புக்காத்து ஆனவன். அவன்கூட அத்தனை விசாரணைக்கு நின்றிருக்கமாட்டான்.

அதனால் யார் என்ன மருந்து சொன்னாலும் சின்னம்மா தட்டமாட்டார். ஒன்றைச் செய்யாமல் விட்டு, பிறகு யாராவது, "அதைச் செய்திருக்கலாமே" என்றுவிட்டால்? ஒரு மழைக்காலத்தில் தம்பிக்குச் சாதாரணத் தடிமன், மூக்கு ஒழுகியது. பக்கத்து வீட்டார் வேர்க்கொம்பு அவித்துக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். முன்வீட்டுச் சிங்கள நோனா கொத்தமல்லியும் மரமஞ்சளும் சேர்த்துக் காய்ச்சி ஒரு போத்தலில் கொண்டுவந்து, "பபாட்ட பொன்ன தென்ன" என்று நீட்டினார். அதையும் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தார். சந்திக் கடை நானா பள்ளிவாசலில் ஓதிய கைநூல் ஒன்று கொடுத்தனுப்பினார், கட்டினார். பின்வளவு வேதக்காரப் பெண் தேவாலயத்து எண்ணெய் கொண்டுவந்தார், பூசினார். இவ்வளவுக்கும் மேலே நெற்றி நிறைய எங்கள் திருநீறு. கந்தோர் வேலை முடிந்து வந்த அப்பா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "தடிமனைத் தாங்குவான். இந்த மருந்துகளைத் தாங்குவானோ தெரியாது" என்றார். சின்னம்மா சிரிக்கவில்லை. தடிமன் தன்பாட்டில் வந்தது, தன்பாட்டில் போனது. தாங்கள் தந்ததால்தான் போனது என்று ஆளுக்கு ஆள் சொன்னபோது, சின்னம்மா எல்லோருக்கும் ஓம் ஓம் என்றார்.

எனக்குக் கூவைக்கட்டு வந்து காதடி இரண்டும் வீங்கியபோது, அதற்குப் பொன் போட வேண்டும் என்றார்கள். சின்னம்மாவின் கழுத்தில் தாலிக்கொடியைத் தவிர வேறெதுவும் இல்லை. அம்மாவின் நகைகள் மஞ்சள் துணியில் முடிச்சாக அலுமாரிக்குள் இருந்தன. அவை எனக்குரியவை என்று அவர் தொட்டதே இல்லை. அன்று முடிச்சை அவிழ்த்து, அம்மாவின் சங்கிலியை என் கழுத்தில் போட்டு, "கொம்மாவின்ரை சங்கிலி. அவ பாத்துக்கொள்ளுவா" என்றார். செத்துப்போன தமக்கைமீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. தன்மீது இல்லை. வீக்கத்துக்கு இதம் தந்தது அவர் சுடச்சுட ஒற்றிய துணிதான். வாய் திறக்க ஏலாமல் கிடந்தவளுக்குப் பசி தீர்த்தது அவர் குழையக் காய்ச்சி ஊட்டிய கஞ்சிதான். இதை அவரிடம் சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை, வயது அப்படி. அவரும் சங்கிலிக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த விசாரணைகளுக்கெல்லாம் பெரிய நீதிபதி, அப்பாவின் மூத்த அக்கா. எங்களுக்குக் கொட்டாஞ்சேனை மாமி. மாமா செட்டியார் தெருவில் வியாபாரம். மாமி றிக்சோவிலிருந்து இறங்கினால் றிக்சோக்காரன் ஒரு பெருமூச்சு விடுவான். அவர் குரல் ஒழுங்கையின் மறுமுனைக்குக் கேட்கும். ஆனால் வெறுங்கையோடு வந்த நாள் கிடையாது. இனிப்பென்றால் மஸ்கற் இருக்கும், தொதல் இருக்கும், தம்பிக்கு ஒரு கிலுக்காவது இருக்கும். தாய் தகப்பன் இல்லாத அப்பாவை வளர்த்து, படிப்பித்து, துரைமாருக்குக் கீழே கிளாக்கர் வேலையில் இருத்தியவர் அவர்தான். அதனால் அப்பா வெள்ளைக்காரத் துரைக்கு எதிராகக்கூட இரண்டு சொல் சொல்வார், அக்காவுக்கு எதிராகச் சொல்லமாட்டார். மாமிக்குப் பிள்ளை இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு ஆண்பிள்ளை இருந்து, நடை பழகிய வயதில் வயிற்றோட்டத்தில் போனதைப் பிறகுதான் அறிந்தேன். அவனுடைய வெள்ளி அரைஞாணைக் கைலேஞ்சியில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்திருந்தார். ஒருநாள் பை திறந்திருந்தபோது கண்டு, இதென்ன மாமி என்று கேட்டேன். "அது ஒண்டுமில்லை பிள்ளை" என்று பையை மூடிவிட்டார்.

ஒரு வெயில் காலத்தில் எனக்குச் சின்னமுத்து வந்தது. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. அம்மாள் வந்திருக்கிறா என்று கேள்விப்பட்டு, மாமி ஒரு கட்டு வேப்பிலையோடு வந்து தங்கிவிட்டார். வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் தாளிதம் இல்லை, பொரியல் இல்லை. வெளியாள் படி ஏறக்கூடாது. தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள்வரை மருந்து என்ற பேச்சு எடுக்கக்கூடாது, டொக்டரின் நிழல் வீட்டில் விழக்கூடாது. விழுந்தால் அம்மாளுக்குக் கோபம் வரும். இதில் பாதி நல்ல ஏற்பாடு என்றுதான் இப்போது படுகிறது. அந்த வேப்பிலை ஊரார் பிள்ளைகளை எங்களிடமிருந்து தள்ளிவைத்தது. எங்களுக்கு வெளிச்சம் குறைந்த அறையும் தோய்த்த துணியும் இலேசான சாப்பாடும் கிடைத்தன. மற்றப் பாதிதான் பிழை. பிழையும் சரியும் ஒரே கட்டாகக் கட்டி வந்தபடியால் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. நான் தேறிவந்தேன். அடுத்த கட்டிலில் தம்பி விழுந்தான். அவனுக்கும் முத்துகள் வாடி, இனிப் பயமில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில் வயிற்றாலே போகத் தொடங்கியது.

மாமி உடனே தண்ணீரை நிறுத்தினார். "வயித்தாலை போற பிள்ளைக்குத் தண்ணியைக் கண்ணிலையும் காட்டக்கூடாது. குடுக்கக் குடுக்கப் போகும். வயித்தைக் காயப்போட வேணும்." இது மாமி தானாகக் கண்டுபிடித்ததில்லை. அவருடைய தாயும் தாயின் தாயும் செய்தது. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் சட்டமாக இருந்தது. ஒழுகுகிற பானைக்குள் மேலும் தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்டால் கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் இருக்கும். பிள்ளை பானை இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. சின்னம்மாவுக்கும் தோன்றவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா அன்று மாலை, "அக்கா, காலி வீதி டொக்டரை ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டுவமோ?" என்று மெதுவாகக் கேட்டார். "அம்மாள் இருக்கிற வீட்டுக்கோ? உனக்கென்ன விசரோ?" என்றார் மாமி. அடுத்தநாள் காலை அப்பா குடையை எடுத்துக்கொண்டு, படலையடியில் நின்று திரும்பிப் பார்த்து, பிறகு ரயிலுக்குப் போய்விட்டார்.

அந்தக் காலைப்பொழுது முழுக்கத் தம்பி தண்ணீர் கேட்டான். அவனுக்கு வராத சொற்கள் பல. அந்தச் சொல் நன்றாக வரும். சின்னம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் அங்குமிங்கும் நடந்தார். நான் என் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஆக ஆக அவன் அழுகையில் சத்தம் மட்டும் இருந்தது, கண்ணீர் இல்லை. கண் உள்ளே போய்விட்டது, உதடு வெடித்திருந்தது. பிறகு சத்தமும் நின்றது. மாமி எட்டிப் பார்த்து, "கண்டியோ, அடங்கீட்டான். வயிறு காயுது, இனிச் சுகம்தான்" என்று சொல்லிவிட்டு, நிம்மதியோடு சாப்பிடப் போனார். அந்த அமைதியைப் பார்த்துச் சின்னம்மா மட்டும் அவனுடைய மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். அவனுடைய துணிகளை அலசிவிட்டு வந்திருந்ததால் அவருடைய முந்தானை நனைந்திருந்தது. அவனைத் தூக்கினார். அவன் கண்ணைத் திறக்காமலே, அந்த ஈர முந்தானையை வாயால் தேடிப் பிடித்துச் சூப்பினான்.

எனக்கு எத்தனையோ மறந்துவிட்டது. அது மறக்கவில்லை. பால் குடிக்கிற குழந்தை சூப்புவது போலச் சூப்பினான். சின்னம்மா அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார். அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டு நான் கண்டதில்லை. பெயின்ற் பூசி இறுகிப்போய்க் கிடந்தது. உள்ளங்கையால் அடித்து அடித்து ஏற்றினார். என் கட்டிலடியில் எனக்கென்று கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு செம்பில் இருந்தது. அதை எடுத்து, கஞ்சிக் கோப்பையில் கிடந்த தேக்கரண்டியைத் துடைத்தார். என்னைப் பார்த்து, "நீ மற்றப் பக்கம் திரும்பிப் படு பிள்ளை. நீ ஒண்டையும் காணேல்லை" என்றார். நாளைக்கு விசாரணை வந்தால் என்னைச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

நான் திரும்பவில்லை. "சின்னம்மா, தம்பி செத்துப்போவானோ?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது குஞ்சு" என்றார். "செத்தாலும் என்ரை பிள்ளை தண்ணி விடாயோடை சாகக்கூடாது."

அவர் எங்களை 'என்ரை பிள்ளை' என்று சொன்னது அன்றுதான் என் காதில் விழுந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது. தண்ணீர் அவனைக் காப்பாற்றும் என்று நினைத்துச் சின்னம்மா கொடுக்கவில்லை. மாமி சொன்னதை அவரும் நம்பியிருந்தார். கொடுத்தால் இன்னும் வேகமாகப் போய்விடுவான், போனால் தமக்கையின் பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயர் சாகும்வரை தன்னோடு வரும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு கொடுத்தார். அவன் தாகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு ஏலவில்லை, அவ்வளவுதான். தாய் என்று எதைச் சொல்கிறோமோ அதை நான் கண்ணால் கண்ட நேரம் அது. பெற்றவளாக இருந்தாலும் இதைவிட என்ன செய்திருப்பாள்?

முதலில் அவசரப்பட்டுவிட்டார். அவன் மடக்குமடக்கென்று விழுங்கி, அப்படியே சத்தி எடுத்தான். அந்தச் சத்தத்துக்கு மாமி வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார். பூட்டியிருந்தது. "கதவைத் திறவடி! உள்ளுக்கு என்னடி செய்யிறாய்?" என்று தட்டினார். சின்னம்மா அவன் வாயைத் துடைத்து, கொஞ்சம் பொறுத்து, இந்தமுறை அரைக் கரண்டி கொடுத்தார். பொறுத்தார். மறுபடி அரைக் கரண்டி. "தண்ணியோ குடுக்கிறாய்? அடியே, தமக்கையின்ரை பிள்ளையைக் கொல்லப்போறியோ?" என்று மாமி கத்தியபோது சின்னம்மாவின் கை ஆடி, தண்ணீர் தம்பியின் நெஞ்சில் சிந்தியது. அவர் பயந்துகொண்டிருந்த சொல் வந்தே விட்டது. அதன்பிறகு அவர் கை ஆடவில்லை. கரண்டி செம்புக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது. தண்ணீர் முடிந்ததும் நான் குடிக்காமல் வைத்திருந்த உப்புப் போட்ட கஞ்சியில் தெளிவை இறுத்துக் கொடுத்தார். கதவுக்கு வெளியே மாமி அழத் தொடங்கினார். கோபம் தீர்ந்துபோய், பெற்ற பிள்ளைக்கு அழுகிறவரைப் போல அழுதார்.

பின்னேர ரயிலில் அப்பா வந்தார். விறாந்தையில் மாமி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து கதவடியில் நின்று, "திற" என்றார். சின்னம்மா கரண்டியை விடாமல், "திறக்கிறன் அத்தான். ஆனால் தண்ணி குடுக்கிறதை நிப்பாட்டமாட்டன். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கோ" என்றார். அப்பாவின் சப்பாத்துச் சத்தம் படலைப் பக்கம் போனது. எங்களை விட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் யன்னலில் தட்டும் சத்தம். கந்தோர்க் கோட்டைக் கழற்றாமல், வேர்வை வடிய, வெட்டித் திறந்த செவ்விளநீர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். யன்னல் கம்பிக்கால் காய் உள்ளே வராது. சின்னம்மா செம்பைப் பிடிக்க, அப்பா வெளியே நின்று கம்பியினூடாக ஊற்றினார். பாதி சுவரில் ஊற்றுண்டது. "நான் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி போனார். தன் அக்காவிடம் அவர் அனுமதி கேட்காமல் செய்த காரியம் எனக்குத் தெரிய அது ஒன்றுதான்.

டொக்டர் வந்ததும் சின்னம்மா தாழ்ப்பாளை இழுத்தார். வேப்பிலையைக் கடந்து சப்பாத்தோடு அவர் உள்ளே வந்தபோது மாமி தடுக்கவில்லை, சுவரோடு ஒதுங்கி நின்றார். டொக்டர் தம்பியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சலம் போனதா என்று கேட்டார். "இப்பதான் துணி நனைஞ்சது" என்றார் சின்னம்மா. "ஆர் தண்ணி குடுத்தது?" என்றார் டொக்டர். மாமிதான், "இவள்தான். நான் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல" என்றார்.

"குடுத்தபடியால்தான் பிள்ளை இருக்கு" என்றார் டொக்டர். "வயித்தோட்டத்திலை பிள்ளையைக் கொல்லுறது உடம்பிலை தண்ணி இல்லாமல் போறதுதான். போகப் போகக் குடுங்கோ. கொதிச்சாறின தண்ணி, உப்புப் போட்ட கஞ்சித் தெளிவு, இளநி. சத்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்கோ."

சின்னம்மா வென்றுவிட்டார் என்று நான் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தேன். பிள்ளைப் புத்தி அப்படித்தான் கணக்குப் போடும். மாமியைத் திரும்பிப் பார்த்தேன். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அப்ப டொக்டர், என்ரை பெடியனுக்கும் தண்ணி குடுத்திருக்கலாமோ?" என்றார். "அவனும் கேட்டவன்."

டொக்டர் வாயைத் திறக்குமுன் சின்னம்மா முந்திக்கொண்டார். தம்பியை இடுப்பில் வைத்தபடியே மாமியின் பக்கத்தில் போய்க் குந்தியிருந்து, "அது வேறை வருத்தம், மச்சாள்" என்றார். "அதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது. தண்ணி குடுத்திருந்தாலும் நிண்டிராது." பிறகு நிமிர்ந்து டொக்டரைப் பார்த்தார். டொக்டர் அந்தப் பார்வையைப் பார்த்தார், பையை மூடினார், "ஓம், அது வேறை" என்றார்.

மாமியின் மகன் போனபோது சின்னம்மா பிறந்தே இருக்கவில்லை. அவனுக்கு வந்த நோய் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? சின்னம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சற்று முன்பு தன்னைக் கொலைகாரி என்றவரிடம், அதே சொல்லைத் திருப்பிக் கொடுக்க எல்லா வசதியும் இருந்த நேரத்தில், அவர் அதைச் சொன்னார். மாமி அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். சின்னம்மா என்னிடம் திரும்பி, "பிள்ளை, செம்பிலை ஏதும் மிச்சம் இருந்தால் மாமிக்குக் குடு" என்றார். இளநீர் கொஞ்சம் இருந்தது. மாமி குடித்தார். அதற்குப் பிறகுதான் சின்னம்மா குடித்தார். பிள்ளைக்கு இல்லாத தண்ணீர் தனக்கு எதற்கு என்று அவரும் முதல்நாள் முதல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்திருக்கிறார்.

தம்பி தேறினான். மாமி கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் நாளில் கைப்பையைத் திறந்து, கைலேஞ்சியை அவிழ்த்து, அந்த வெள்ளி அரைஞாணை அவன் இடுப்பில் கட்டினார். பிறகு ஊரிலிருந்து யாராவது வந்து வழக்கம் போல, "தமக்கையின்ரை பிள்ளையள் எப்பிடி?" என்று சின்னம்மாவைக் கேட்டால், மாமி அங்கே இருந்தால் குறுக்கே விழுவார். "அதென்ன தமக்கையின்ரை பிள்ளையள்? அவளின்ரை பிள்ளையள் எண்டு கேள்!" ஒழுங்கை முனைக்குக் கேட்கும். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்து மீன்பிடிக்காரர் குடிசைகளிலும் எந்தப் பிள்ளைக்கு வயிற்றாலே போகிறது என்று கேள்விப்பட்டாலும், றிக்சோவில் செவ்விளநீர்க் குலையை ஏற்றிக்கொண்டு மாமி போய் இறங்குவார். தண்ணியை நிப்பாட்டாதையுங்கோ, கேக்கிற பிள்ளைக்குக் குடுங்கோ என்பார். யார் சொன்னது என்று கேட்டால், என்ரை தம்பி பெண்சாதி சொன்னவள் என்பார், டொக்டரைச் சொல்லமாட்டார். தன் மகனைப் பற்றிப் பிறகு யாரிடமும் அவர் கேட்கவில்லை. சின்னம்மா சொன்ன பொய்யை அவர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது நான் இருக்கும் மாடிவீட்டில், கீழ்த்தட்டில் ஓர் இளம் தாய் இருக்கிறாள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று போன மாதம் பதறிக்கொண்டு வந்தாள். கிளினிக்கில் தந்த உப்புக் கரைசல் பக்கற் கையில் இருந்தது. கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கும்படி அதிலேயே படம் போட்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆனாலும், ஏதாவது பிழை விட்டுவிடுவேனோ அன்ரி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். பிள்ளை வருத்தத்தில் கிடந்தால் தாய் தகப்பனுக்கு மருந்து சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நீ செய்கிறது சரி என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. அதைத்தான் சொன்னேன்.

சின்னம்மா நல்ல வயதுவரை இருந்தார். தனக்கென்று ஒரு பிள்ளை அவருக்குப் பிறக்கவில்லை. கடைசியில் அதே வீட்டில், அதே நடு அறையில்தான் படுத்தார். அப்பாவும் மாமியும் அதற்கு எவ்வளவோ முன்பே போய்விட்டார்கள். ஒரு பின்னேரம் அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் விறாந்தையில் நிறைந்து இரைந்துகொண்டிருந்தார்கள். தம்பி புதுக்கடையிலிருந்து நேரே வந்து, கறுத்தக் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் இருந்து அவருக்குத் தேக்கரண்டியால் இளநீர் பருக்கிக்கொண்டிருந்தான். அரைக் கரண்டி, பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னொரு அரைக் கரண்டி. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தம் தாங்காமல் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"போடாதை ராசா" என்றார் சின்னம்மா. பல நாட்களாக அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. "மச்சாள் வெளியிலை நிண்டு அழுகிறா. பாவம், அவவை உள்ளுக்கு விடு."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தான். கதவைத் திறந்து விடு என்றேன். திறந்தான். சின்னம்மா வாசலைப் பார்த்தபடி அடுத்த கரண்டியைக் குடித்தார்.

மேசையில் இருக்கும் இந்தத் தாழ்ப்பாளை வருகிறவர்கள் கையில் எடுத்து விளையாடிவிட்டு, பூட்டியபடியே வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபிறகு நான் அதை இழுத்துத் திறந்து வைப்பேன்.